சாட்சிகள் உட்காரும் பெஞ்சு

குமரா,

போன ஞாயிற்றுக்கிழமை நீ வந்திருந்தாய். நண்டுக் குழம்பு வைத்திருந்தேன். மறுசோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாய். கிளம்பும்போது வாசலில் குனிந்து ஷூ கட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், "அம்மா, இன்னும் கோவமா இருக்கீங்களா?" என்று கேட்டாய். "இல்லப்பா, மழை வர மாதிரி இருக்கு, பாத்துப் போ" என்றேன். அது பொய். கோபமாகத்தான் இருக்கிறேன். உன் கார் பிரிக்பீல்ட்ஸ் சந்து முனையில் திரும்பும்வரை நின்று பார்த்துவிட்டு, உள்ளே வந்து கதவைச் சாத்தி, சட்டி கழுவும்போதும் கோபமாகத்தான் இருந்தேன். இதை உன் அலுவலகத்துக்கு அனுப்பினால் எங்காவது ஒரு கோப்பில் போய் உட்கார்ந்துவிடும். அதனால் ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். ஆசிரியர் போட்டால் ஊரோடு சேர்ந்து நீயும் படி. உன் வைபியின், அதுதான் நீ வேலை பார்க்கும் நாடாளுமன்ற உறுப்பினரின், பெயரை நான் எழுதப் போவதில்லை, பயப்படாதே. அவர் மேல் எனக்கு இருக்கும் கோபம் சின்னது. உன் மேல் இருப்பதுதான் பெரியது.

உனக்குத் தெரிந்த கதையின் நுனியிலிருந்தே தொடங்குகிறேன். நீ பிறப்பதற்கு முன்பிருந்தே நான் கிள்ளானில் ஒரு சினிமாத் தியேட்டரில் டிக்கெட் கொடுக்கும் வேலையில் இருந்தேன். இரும்புக் கம்பிக்குப் பின்னால் இரண்டு கவுன்டர். கீழ் வகுப்பு எனக்கு, மாடி வகுப்பு சரோஜாவுக்கு. சரோஜா என்பது அவளுடைய சொந்தப் பெயரில்லை, இங்கே எழுதுவதற்காக நான் வைத்தது. என்னைவிட வயதில் சின்னவள். விற்ற இருக்கைகளைச் சீட்டுப் படத்தில் சிவப்புப் பென்சிலால் கோடு கிழிக்கும்போது ஏதாவது முணுமுணுத்துப் பாடிக்கொண்டே இருப்பாள். வேலை முடிந்தால் இருவரும் ஒரே பஸ். தீபாவளிக்கு அவள் எனக்கு முறுக்கு சுட்டுக் கொண்டுவருவாள், நான் அவளுக்குப் பாவாடை தைத்துக் கொடுப்பேன். அப்படிப்பட்ட பழக்கம்.

ஒரு லோரிக் காண்ட்ராக்டரின் மகன் தினமும் படம் பார்க்க வந்தான். அதே படத்துக்குத் திரும்பத் திரும்ப வந்தான். எப்போதும் சரோஜாவின் கவுன்டர்தான். அவள் மாட்டேன் என்று சொன்னாள். அவளுடைய அண்ணனும் போய்ச் சொல்லிவிட்டு வந்தான். ஒரு நாள் பகல் காட்சி தொடங்கிய பிறகு, வேர்த்துக் கொட்டுகிறது என்று அவள் வெளியே தண்ணீர்க் கடைப் பக்கம் போனாள். நான் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டு நிமிர்ந்தபோது அவன் கையில் சின்னப் பாராங்கத்தி இருந்தது. முதல் வெட்டு காதிலிருந்து தாடை வரைக்கும். இரண்டாவதைத் தடுக்க அவள் கையை நீட்டினாள், அது கையில் விழுந்தது. நான் ஓடிப் போய் என் முந்தானையை அவள் கன்னத்தில் வைத்து அழுத்தினேன். அவன் ஓடவில்லை. என் எதிரே நின்று, "அக்கா, நீங்க ஒண்ணும் பாக்கல. தெரிஞ்சுதா?" என்றான். நான் அவன் முகத்தை முழுசாகப் பார்த்தேன். அதற்குப் பிறகுதான் மெதுவாக நடந்து போனான்.

சுற்றி எத்தனை பேர் நின்றார்கள் தெரியுமா? அடுத்த காட்சிக்கு வந்து காத்திருந்தவர்கள், சைக்கிள் நிறுத்துகிறவர்கள், கச்சான் கடலை விற்கிறவர். போலீஸ் வந்தபோது எல்லோரும் காற்றில் கரைந்துவிட்டார்கள். தண்ணீர்க் கடைக்காரர், ஐஸ் எடுக்கக் குனிந்திருந்தேன், எதையும் பார்க்கவில்லை என்றார். எங்களை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போன சீன டாக்சிக்கார அங்கிள் மட்டும், ரத்தம் படிந்த சீட்டைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லாமல், சரோஜாவின் கையைத் துணியால் சுற்றிக் கொடுத்தார். ஆனால் அவர் வந்தது எல்லாம் முடிந்த பிறகு. பார்த்தவள் என்று பெயர் கொடுத்தது நான் ஒருத்திதான். வாக்குமூலம் எழுதிய சார்ஜன் என்னிடம், "யோசிச்சுச் சொல்லுங்க, அப்புறம் மாத்த முடியாது" என்றார். "மாத்துறதுக்கு என்ன சார் இருக்கு, கண்ணால பாத்தேன்" என்றேன். எவ்வளவு தைரியமாகச் சொன்னேன் என்று நினைத்தால் இப்போது எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது.

உன் அப்பாவிடம் அன்றைக்கே சொன்னேன். அப்பா ரயில்வேயில் இருந்தார், அதிகம் பேசாத மனிதர் என்பது உனக்குத் தெரியும். "போவாதன்னு சொல்ல மாட்டேன். ஆனா தனியா போவாத" என்றார்.

கோர்ட்டை நீ வக்கீலாகப் பார்த்திருக்கிறாய். நான் பார்த்தது வேறு. எனக்குத் தெரிந்ததெல்லாம் அதன் காரிடார். சாட்சி சொல்லும்வரை சாட்சி உள்ளே இருக்கக் கூடாது, அதனால் வெளியே இரு என்றார்கள். காரிடாரின் இரண்டு பக்கமும் நீளப் பெஞ்சு. இந்தப் பக்கம் நானும் சரோஜாவும், எதிர்ப்பக்கம் அவனும் அவனுடைய கூட்டாளிகளும். ஜாமீனில் வெளியே இருந்தான். முழங்கால் நீட்டினால் அவர்களுடைய காலில் இடிக்கும், அவ்வளவுதான் இடைவெளி. தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு, எண்ணெய் வைத்து வாரிக்கொண்டு வருவான். ஒவ்வொரு தடவையும் என்னைப் பார்த்து, "அக்கா, சாப்டாச்சா?" என்று கேட்பான். வெளியிலிருந்து யாராவது பார்த்தால் ஏதோ சொந்தக்காரப் பையன் விசாரிக்கிறான் என்று நினைத்துக்கொள்வார்கள். சரோஜா அந்தக் குரலைக் கேட்டதும் வெட்டுப்பட்ட கையை முந்தானைக்குள் இழுத்துக்கொள்வாள். அந்த விரல்கள் கடைசிவரை மடங்கவில்லை.

அங்கே இருந்த போலீஸ்காரரிடம் வேறு இடத்தில் உட்காரலாமா என்று ஒரு முறை கேட்டேன். "வேற இடம் எங்கக்கா இருக்கு? கக்கூஸ் பக்கம் வேணா நில்லுங்க" என்றார். நின்றோம். காலை முழுவதும் கக்கூஸ் வாசலில் நின்றோம். மத்தியானம் ஒருவர் வந்து கேஸ் தள்ளி வைத்தாகிவிட்டது என்றார். ஒரு தடவை அவனுடைய வக்கீலுக்கு உடம்பு சரியில்லை. ஒரு தடவை மொழிபெயர்ப்பாளர் வரவில்லை. ஒரு தடவை ஏன் என்று எங்களுக்குச் சொல்லக்கூட யாருக்கும் தோன்றவில்லை. ஒவ்வொரு முறையும் எல்லோரையும் உள்ளே கூப்பிட்டு அடுத்த தேதியைச் சொல்வார்கள். அப்படி ஒரு முறை, தேதி சொல்வதற்கு முன்னால், என் பெயரையும் வீட்டு முகவரியையும் சத்தமாக வாசித்து, சரிதானா என்று கேட்டார்கள். வீட்டு எண், தெரு, தாமான் என்கிற குடியிருப்பின் பெயர் எல்லாம் சேர்த்து. கூண்டில் நின்றவன் தலையைக் கொஞ்சம் சாய்த்துக் கவனமாகக் கேட்டான். நான் "ஆமாம்" என்று சொல்லவேண்டியிருந்தது. குமரா, என் வீட்டுக்கு வழி சொல்லிவிட்டு, வழி சரிதானா என்று என்னையே உறுதி செய்யச் சொன்னார்கள்.

அப்போது நீ தாடிக்காவில், பாலர் பள்ளியில், படித்துக்கொண்டிருந்தாய். ஒரு மத்தியானம் உன்னைக் கூட்டிக்கொண்டு வர நான் போனபோது, வாய் முழுக்க ரோஸ் கலர் ஐஸ்கிரீமோடு கேட்டுக்கு வெளியே நின்றாய். "யாருடா வாங்கிக் கொடுத்தது?" என்று கேட்டேன். "ஒரு அங்கிள். நல்ல அங்கிள்மா. அம்மாவ கேட்டேன்னு சொல்லச் சொன்னாரு" என்றாய். அந்த அங்கிளைப் பற்றி நீ அப்புறம் பல நாள் பேசினாய். மறுபடி எப்போது வருவார் என்று கேட்டாய். நான் உன்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த மாதமே அப்பா யார் யாரையோ பார்த்து, கெஞ்சி, பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸ் வாங்கினார். கிள்ளானை விட்டு ஏன் வந்தோம் என்று நீ கேட்கும்போதெல்லாம் அப்பாவுக்கு வேலைக்குப் பக்கம் என்று சொல்லியிருக்கிறேன். அதற்காக வரவில்லை. ரோஸ் கலர் ஐஸ்கிரீமுக்காக வந்தோம். நீ இத்தனை வயதாகி, சட்டம் படித்து, கோட்டு போட்ட பிறகும் இதை உன்னிடம் சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். உன் சின்ன வயதில் பயம் இல்லாமல் இருந்ததே, அதையாவது காப்பாற்றி வைப்போம் என்று நினைத்தேன். இப்போது சொல்ல வைத்தது நீதான்.

சரோஜா ஒரு வழியாகச் சாட்சிக் கூண்டில் ஏறினாள். நான் வெளியே பெஞ்சில் இருந்தேன். உள்ளே என்ன கேட்டார்கள் என்று தெரியாது, ஆனால் ஒரு சமயம் உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. ஆண்கள் சிரிக்கும் சத்தம். பஸ்ஸில் வரும்போதுதான் சொன்னாள். டிக்கெட் கொடுக்கும்போது அவனைப் பார்த்துச் சிரித்ததுண்டா என்று வக்கீல் கேட்டாராம். "டிக்கெட் வாங்க வர எல்லார்கிட்டயும் சிரிப்பேன்" என்று இவள் சொன்னாளாம். "ஓ, எல்லாரிடமுமா?" என்று வக்கீல் இழுத்தாராம். அதற்குத்தான் சிரிப்பு. பாதியில் நேரமாகிவிட்டது, மிச்சம் அடுத்த தேதியில் என்றார்கள். அடுத்த தேதிக்குள் நீதிபதி மாற்றலாகிப் போய்விட்டார். புதியவர் வந்தார். புதியவர் எதையும் கேட்கவில்லை அல்லவா, அதனால் முதலிலிருந்து தொடங்க வேண்டுமாம். வெட்டு, ரத்தம், சிரித்தாயா, எல்லாரிடமுமா, எல்லாம் மறுபடியும்.

அவள் ஈப்போ பக்கம் அத்தை வீட்டுக்குப் போக முடிவு செய்துவிட்டாள். பஸ் ஸ்டேஷனுக்கு வழியனுப்பப் போனேன். "அடுத்த தேதிக்கு வருவியா?" என்று கேட்டேன். "அக்கா, கத்தியால வெட்டுனது ஒரு தடவதான். இவங்க கூப்புட்டு கூப்புட்டு கேக்குறாங்க. அந்தச் சிரிப்ப இன்னொரு தடவ என்னால கேக்க முடியாது" என்றாள். அவளைக் கட்டாயப்படுத்த எனக்கு வாய் வரவில்லை. அப்படி வாய் வந்திருக்கவும் கூடாது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

அந்தத் தேதிக்கு நான் மட்டும் போனேன். கேஸை நடத்திய போலீஸ் இன்ஸ்பெக்டர் கெட்ட மனிதர் இல்லை, சலித்துப்போன மனிதர். "கம்ப்ளெய்னன்ட் வரலன்னா கேஸ் நிக்காதுக்கா" என்றார். "நான் பாத்தேனே சார், நான் வந்திருக்கேனே" என்றேன். "தெரியும்லா. உங்கள வச்சு மட்டும் நடத்த முடியாது. வேணும்னா அந்தப் பொண்ணு மேல வாரண்ட் கேக்கலாம். பிடிச்சுக் கொண்டு வருவாங்க. கேக்கவா?" என்றார். யோசித்துப் பார். வெட்டியவன் தேய்த்த சட்டையோடு உட்கார்ந்திருக்கிறான். வெட்டுப்பட்டவளைப் பிடித்து வருவதற்கு அந்தச் சட்டத்தில் இடம் இருந்தது. அவளுக்கு ஒரு தனி நாற்காலி போடுவதற்கு இடம் இல்லை. வேண்டாம் என்றேன். என்னைக் கேட்டுத்தான் நடந்தது என்று சொல்ல முடியாது, அவருக்கும் வேண்டாம் என்றுதான் இருந்திருக்கும். நீதிபதி இனிமேல் தள்ளிப்போட முடியாது என்று அவனை விட்டுவிட்டார். நிரபராதி என்று சொல்லவில்லை, போகலாம் என்று மட்டும் சொன்னார்களாம். அதற்கு ஏதோ ஒரு பெயர் உண்டு, உனக்குத் தெரியும். அவன் காரிடார் வழியாகப் போகும்போது என் முன்னால் நின்றான். "பாவம்கா, உங்களுக்குத்தான் எவ்வளவு அலைச்சல்" என்றான். எத்தனையோ தடவை அந்தப் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். நான் பார்த்தது என்ன என்று கோர்ட்டில் ஒருவர்கூட, ஒரு தடவைகூட, என்னைக் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு வருஷங்கள் போயின. நீ வளர்ந்தாய், படித்தாய், வக்கீலானாய். அப்பா அதைப் பார்த்துவிட்டுத்தான் கண்ணை மூடினார். நீ வைபியின் அதிகாரியாகச் சேர்ந்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது, மறைக்க மாட்டேன். ஒரு நாள் மூச்சு வாங்க ஓடி வந்து சொன்னாய், குற்ற வழக்குகளில் பாதிக்கப்பட்டவர்களுக்கும் சாட்சிகளுக்கும் சட்டத்தைத் திருத்தப் போகிறார்கள், மசோதாவைப் பார்த்துக் கருத்துச் சொல்ல நாடாளுமன்றத்தில் ஒரு குழு போட்டிருக்கிறார்கள், உன் வைபிதான் அதற்குத் தலைவர் என்று. "அம்மா, போலீஸ் வராங்க, வக்கீல் சங்கம் வராங்க, டிப்பார்ட்மென்ட் ஆளுங்க எல்லாரும் வராங்க. சாட்சியா போன ஒருத்தர்கூட வரல. நீங்க பேசணும்மா" என்றாய். இரண்டு நாள் யோசித்தேன். உன் முகத்துக்காக ஒப்புக்கொண்டேன்.

பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்தேன். ஏர்கான் அறை. நீளமான மேசை, தட்டு தட்டாகப் பலகாரம். எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன். பெஞ்சைச் சொன்னேன், கக்கூஸ் வாசலைச் சொன்னேன், முகவரியை வாசித்ததைச் சொன்னேன், சிரிப்பைச் சொன்னேன், புதிய நீதிபதி வந்து முதலிலிருந்து தொடங்கியதைச் சொன்னேன். ஐஸ்கிரீமை மட்டும் சொல்லவில்லை. நீ அந்த அறையில் பேனாவோடு உட்கார்ந்திருந்தாய். நான் வீடு மாறிய இடத்துக்கு வருவதற்குள் உன் வைபி, "புவான், கொஞ்சம் சுருக்கமாக" என்றார். ஒரு உறுப்பினர் கரிப்பாப் சாப்பிட்டுக்கொண்டே, இது பழைய காலத்துக் கதை, இப்போது எல்லாம் மாறியிருக்குமே என்றார். இலாகாவிலிருந்து வந்தவர், ஆமாம், நிறைய முன்னேற்றம் என்றார். எந்த முன்னேற்றம் என்று யாரும் அவரைக் கேட்கவில்லை. இன்னொருவர், எல்லாக் கோர்ட்டிலும் சாட்சிகளுக்குத் தனி அறை என்றால் கட்டடத்துக்கு எங்கே போவது என்று கவலைப்பட்டார். வைபி என் கையைப் பிடித்து, மனசைத் தொட்டுவிட்டது என்றார். நீ லிஃப்ட் வரை வந்து, "அம்மா, சூப்பரா பேசினீங்க" என்றாய். நான் என்ன பள்ளிக்கூடப் பேச்சுப்போட்டிக்கா வந்தேன்?

பிறகு அறிக்கை வந்தது. நீயேதான் ஒரு பிரதி கொண்டுவந்து கொடுத்தாய். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கம் பக்கமாகத் தேடினேன். போலீஸ் சொன்னதற்குப் பக்கங்கள் இருந்தன. கட்டடச் செலவுக்கு ஒரு தனிப் பகுதியே இருந்தது. நாங்கள் ஒரே வரியில் இருந்தோம். சில சாட்சிகள் கோர்ட்டுக்கு வருவதில் கெசுலித்தான், அதாவது சிரமம், அடைந்ததாகக் குழுவுக்குத் தெரிவிக்கப்பட்டது என்று. கெசுலித்தான். பஸ் தாமதமாக வந்தால் பஸ் கம்பெனி ஒட்டுகிற அறிவிப்பில் வரும் சொல். தண்ணீர்க் குழாய் ரிப்பேர் என்றால் வரும் சொல். போன் செய்து, "இத யாருப்பா எழுதுனது?" என்று கேட்டேன். "நான்தாம்மா" என்றாய். "வைபி கொஞ்சம் மைல்டா எழுதச் சொன்னாரு. காட்டமா எழுதுனா மத்தவங்க கையெழுத்துப் போட மாட்டாங்க. மொத்த ரிப்போர்ட்டும் நின்னுடும்மா."

அந்தச் சொல்லை ஒரு அந்நியன் எழுதியிருந்தால் நான் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். அந்தக் காரிடாரில் எதிரே உட்கார்ந்திருந்தவனின் ஐஸ்கிரீமைத் தின்ற பிள்ளை எழுதினான். உனக்குத் தெரியாது என்று சொல்லாதே. ஐஸ்கிரீம்தான் தெரியாது. மற்றதையெல்லாம் ஏர்கான் அறையில் உன் காதாலேயே கேட்டாய்.

சரி, மக்களவையில் என்ன செய்கிறார்கள், அதையும் பார்த்துவிடுவோம் என்று வந்தேன். நீ வரவேண்டாம் என்றாய். டாக்சி பிடித்து வந்து மேலே பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்தேன். கீழே எத்தனை நாற்காலி, எவ்வளவு அழகான நாற்காலி. பெரும்பாலும் காலி. மசோதாவின் பிரிவுகளை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டு போனார்கள். சாட்சிகளுக்குத் தனியிடம் என்ற பிரிவை இலாகா திரும்ப எடுத்துக்கொள்வதாகச் சொன்னது, பிறகு பரிசீலிக்கலாமாம். அப்போது ஒரு உறுப்பினர் எழுந்து, சாட்சிகளுக்கு ஓட்டலில் ரூம் போட்டு மெத்தையும் கொடுக்கலாமே என்றார். இருந்த கொஞ்சப் பேரும் சிரித்தார்கள். குமரா, அந்தச் சிரிப்பு எனக்குப் பழக்கமானது. கதவுக்கு வெளியே உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். இந்த முறை மேலேயிருந்து கேட்டேன், அவ்வளவுதான் வித்தியாசம். முகவரியை வாசிக்கக் கூடாது என்ற பிரிவையும் நீக்கிவிடலாம் என்று கேட்டபோது உன் வைபியின் நாற்காலி காலியாக இருந்தது. அவர் தேநீருக்குப் போயிருந்தார் என்று பிறகு நீ சொன்னாய். எழுந்து நின்று ஏன் இதை எடுக்கிறீர்கள் என்று கேட்க ஒரு ஆள் இல்லை. நீக்குவதற்குச் சம்மதம் என்கிறவர்கள் ஆம் என்று சொல்லுங்கள் என்றார்கள். ஆம் என்றார்கள். தும்மினால் ஆகும் நேரம்கூட ஆகவில்லை. அதிகாரிகள் வரிசையில் உன்னைத் தேடிப் பார்த்தேன். நீ குனிந்து காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தாய்.

நீ சண்டை போட்டுக் காப்பாற்றிய பிரிவு ஒன்று உண்டு என்று போனில் சொன்னாய். கேஸ் என்ன ஆனது என்று பாதிக்கப்பட்டவர் எழுத்து மூலம் கேட்டால் பதில் சொல்ல வேண்டும் என்பது. அதற்காக நீ அலைந்தாய், எனக்குத் தெரியும், நான் அதை மறுக்கவில்லை. ஆனால் நினைத்துப் பார். தன்னை வெட்டியவனை விட்டுவிட்டார்கள் என்று தெரிந்துகொள்ள, மடங்காத விரல்களால் சரோஜா ஒரு விண்ணப்பம் எழுத வேண்டும். "அடுத்த தடவ பாத்துக்கலாம்மா, இதெல்லாம் ஸ்டெப் பை ஸ்டெப்தான்" என்கிறாய். எனக்குக் கோபம் வருவது நீ தோற்றதால் இல்லை. தோற்றவன் முகம் இப்படி இருக்காது. அன்று தோற்றுவிட்டு வந்த சரோஜாவின் முகத்தை நான் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். நீ நன்றாகத் தூங்கி எழுந்து வந்து நண்டுக் குழம்பு சாப்பிட்டாய்.

நான் பெற்ற பிள்ளைக்குப் புத்தி சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது, கேள். உன்னிடம் ஒருவர் தனக்கு நடந்ததைச் சொன்னால், அவர் சொன்ன சொல்லையே எழுது. அது மேசையில் இருக்கிறவர்களுக்குக் கசந்தால் கசக்கட்டும். கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறவர் போடாமல் இருக்கட்டும், யார் போடவில்லை என்றாவது ஊருக்குத் தெரியும். உன் வைபி தேநீருக்குப் போனால், வெளியே போய் அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வா. அதற்காக உன் வேலை போனால், வீட்டுக்கு வா. அந்த ரயில்வே சம்பளத்தில் உன்னை வளர்த்தோம், அப்பாவுடைய பென்ஷனில் உனக்குச் சோறு போட முடியாதா?

இப்போது நான் எழுத உட்கார்ந்த காரியத்துக்கு வருகிறேன். நீ போன மறுநாள், திங்கட்கிழமை, தெரிந்த குடும்பம் ஒன்றிலிருந்து ஒரு தகப்பன் என்னைப் பார்க்க வந்தார். அவருடைய மகள் ஓரிடத்தில் வேலை செய்கிறாள். அங்கே ஒருவரை அடித்துக் காலை உடைத்ததை அவள் பார்த்திருக்கிறாள். அவள் பெயரை நான் எழுத மாட்டேன், எங்கே வேலை செய்கிறாள் என்றும் எழுத மாட்டேன். உங்கள் சட்டம் செய்யாததை இந்தக் காகிதமாவது செய்யட்டும். அடித்தவன் ஜாமீனில் இருக்கிறான். அவளுக்குக் கோர்ட்டிலிருந்து சம்மன் வந்திருக்கிறது. அந்த மனிதர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, "அக்கா, நீங்க இதெல்லாம் பாத்தவங்க. உங்க பையனும் பெரிய எடத்துல இருக்காரு. சொல்லுங்க, பொண்ண அனுப்பலாமா? இல்ல, வெளியூர்ல சொந்தக்காரங்க வீட்டுக்கு அனுப்பிடவா?" என்று கேட்டார்.

தேத்தண்ணி கலக்கும் சாக்கில் உள்ளே போய் நின்றேன். அனுப்பாதீர்கள் என்று சொல்ல என்னிடம் எல்லாக் காரணமும் இருந்தது. என் வாழ்க்கையில் பாதி அந்தக் காரணங்கள்தான். வெளியே வந்தபோது அந்தப் பெண்ணே வாசலில் நின்றாள், அப்பா போனவர் திரும்பவில்லையே என்று தேடி வந்திருக்கிறாள். "நீ என்னம்மா சொல்ற?" என்று அவளைக் கேட்டேன். "பாத்தேன் ஆன்டி. பாக்கலன்னு எப்படிச் சொல்றது?" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். போ என்று அவளிடம் சொன்னேன். நானும் கூட வருகிறேன் என்று அவளுடைய அப்பாவிடம் சொன்னேன்.

தேதி உனக்குப் போனில் சொல்கிறேன், இங்கே எழுதக் கூடாது. அன்றைக்கு லீவு போட்டுவிடு. வைபியின் கார் வேண்டாம், அவருடைய கார்டு வேண்டாம், கழுத்தில் டை வேண்டாம். சும்மா ஒரு சட்டை போட்டுக்கொண்டு வா. அந்தப் பெண் சுவர் ஓரத்தில் உட்காரட்டும், அவளுக்கு முன்னால் பார்வையை மறைத்துக்கொண்டு நீயும் நானும் உட்காருவோம். தள்ளி வைத்தால் மறுபடியும் வருவோம். மறுபடியும் தள்ளி வைத்தால் மறுபடியும். கோர்ட் திறந்ததுமே வந்துவிடு. அவர்கள் வந்து இடம் பிடிப்பதற்கு முன்னால் நாம் உட்கார்ந்திருக்க வேண்டும்.

அம்மா